வலது குதிக்கால்

யூன் 16, திங்கள்

சோளகக் காற்று. வாரிப் பின்னிய தலை, கோப்பாய்ச் சந்திக்கு பஸ் வருவதற்குள் பறட்டை. கண்ணுக்குள் மண். முதல் இரண்டு பாடவேளை கணிதம். அத்தோடு நாள் முடிந்திருக்கலாம்.

மூன்றாம் பாடவேளையில் சங்கீத அறைக்கு உப அதிபர் வந்தார். (இனி உ.அ. முழுதாய் எழுதக் கை கூசுகிறது.) பரிசளிப்பு விழா அடுத்த வியாழன். பிரதம விருந்தினர் கனடாவிலிருந்து வரும் பழைய மாணவி. ஆகவே வயலின் குழு இந்த முறை நின்றுகொண்டு வாசிக்கும். அந்த 'ஆகவே' எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கொழும்பில் ஏதோ பாடசாலையில் பிள்ளைகள் வரிசையாய் நின்று வாசித்ததை அவர் கண்டாராம். நாங்கள் பாயில் இருந்து வாசிப்பது செத்தவீட்டில் சிவபுராணம் படிக்கிற மாதிரி இருக்கிறதாம்.

இங்கே எல்லோரும் இருந்துதான் படிக்கிறோம். சப்பாணி கட்டி, வலது காலைக் கொஞ்சம் முன்னே விட்டு, வயலினின் தலையைக் கணுக்காலில் சாத்தி, மற்ற முனையைத் தோளில் வைத்து. வயலினைத் தாங்குவது கால். காலை எடுத்துவிட்டால் வயலின் எங்கே போகும்? உ.அ. யோசிக்கவில்லை. விஞ்ஞானப் பட்டதாரி. ஈர்ப்பு விசை அவருடைய பாடம்.

"ஆருக்கு நிண்டு வாசிக்கத் தெரியும்?"

சங்கீத ரீச்சர் (ச.ரீ.) தலைக்கு மேல் ஓடிய காற்றாடியைப் பார்த்தார். அவருக்கும் தெரியாது. இருபது வருடமாய்ப் பாயிலும் கதிரையிலும் இருந்தவர். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சிரிப்பு. சிரித்துக்கொண்டிருக்கும்போதே என் கை மேலே.

ஏன் தூக்கினேன்? நோர்வே மாமியின் மகள் லீனா மார்கழியில் வந்தபோது எங்கள் முற்றத்தில் என் வயலினை எடுத்து நின்று வாசித்துக் காட்டினாள். பிடித்துப் பார் என்று என்னிடமும் நீட்டினாள். அவள் போட்டிருந்த அரைக்காற்சட்டையைப் பக்கத்து வீட்டார் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டேன். என் நின்று வாசிக்கும் படிப்பு அவ்வளவுதான்.

"நோர்வே மச்சாளிட்டைப் பழகினனான் ரீச்சர்."

"நல்லது. அப்ப சின்னாக்களையும் நீரே நிப்பாட்டிப் பழக்கும்," என்றார் உ.அ.

ச.ரீ. நன்றியோடு என்னைப் பார்த்தார். அந்த நன்றியைப் பார்த்தபோதுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது.

போன தவணை பத்து B-யில் ஒருத்தி காய்ச்சல் வருத்தம் என்று அப்பாவின் கையெழுத்தைத் தானே வைத்துக் கடிதம் கொண்டுவந்தாள். காலைப் பிரார்த்தனை முடியும்வரை அவளை மேடையில் எல்லோரையும் பார்த்தபடி நிறுத்தினார் உ.அ. பொய் சொல்கிறவர்கள் முகத்தைக் காட்டட்டும் என்றார். அவள் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இப்போது அந்தக் கழுத்தில் என் முகம்.

நுளம்பு வலைக்குள் ரோச் லைற் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அம்மா புரண்டு படுக்கிறா. அணைக்கிறேன்.

யூன் 17, செவ்வாய்

காற்று குறையவில்லை. காலை இடியப்பம். அம்மாவின் போனில் லீனா எப்போதோ அனுப்பிய வீடியோ இருந்தது. முகம் கழுவுமிடத்தில் வைத்து மூன்று தரம் பார்த்தேன். எடுத்த பாடம்:

பாதம் இரண்டும் தோள் அகலத்துக்கு.
பாரம் இரண்டிலும் சமன்.
முழங்கால் இறுக்கக் கூடாது.
தோள் காதுக்கு ஏறக் கூடாது.
தலையை வயலினுக்குக் கொண்டுபோகாதே, வயலினைத் தலைக்குக் கொண்டு வா.

இவ்வளவும் சொல்ல ஒரு வாய் போதும். வாய் என்னிடம் இருக்கிறது.

வகுப்பு பாடசாலை விட்ட பிறகு மனையியல் அறையில். சின்னதுகள் ஆறு. கபிஷா, ஆரணி, மிதுஷா. மற்ற மூன்றும் பெயர் எழுதும் அளவுக்கு இல்லை. வயலினை எடுங்கோ என்றேன். ஆறும் பொத்தென்று நிலத்தில் இருந்தன. ஆட்டுக்குட்டிகள்கூட ஒருமுறை விரட்டினால் எழும்பும்.

எழுப்பினேன். நின்றதும் ஆரணிக்கு முதுகு வளைந்து வயிறு முன்னுக்கு. சந்தைக்குப் போகிற ஆச்சி தோற்றுப் போவாள். மிதுஷா தோளைக் காது வரைக்கும் தூக்கி வைத்திருந்தாள். இறக்கு என்றால் மற்றத் தோளை இறக்குவாள்.

கபிஷா தனி ரகம். தரம் ஐந்து. மூக்குச்சளி. வயலினைத் தோளில் வைத்த உடனே அவளுடைய வலது குதிக்கால் தானாய் எழும்புகிறது. பாதம் உட்பக்கம் திரும்பி மேலே வந்து காற்றில் தேடுகிறது. எதை? வயலினின் தலையை. பாயில் இருந்து பழகிய கால், தாங்கப் போகிறதாம். ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு, அப்படியே தரவைத் தண்ணீரில் நிற்கும் கொக்கு.

"கொக்கு, காலைக் கீழை வை."

மற்ற ஐந்தும் சிரித்தன. வைத்தாள். வில்லை எடுத்தாள். கால் எழும்பியது.

பத்துத் தரம் சொல்லியிருப்பேன். கடைசியில் என் சப்பாத்தை அவள் சப்பாத்தின் மேல் வைத்து அழுத்தினேன். அப்போது நின்றாள். கண்ணில் தண்ணீர். ஆனால் நின்றாள். வழி கண்டுபிடித்துவிட்டேன்.

அழட்டும். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்தால் வகுப்பு எடுக்க முடியாது.

யூன் 18, புதன்

ச.ரீ. மேற்பார்வைக்கு வந்தார். மேற்பார்வை என்றால் கதிரை, மேசை விரிப்புப் பின்னும் ஊசி, தேநீர். நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். நான் முழங்காலில் நில்லுங்கள் என்று சொல்லியிருந்தாலும் ஆட்டியிருப்பார்.

சோக்கட்டியால் நிலத்தில் பாதங்கள் கீறினேன். ஒவ்வொருத்திக்கும் ஒரு சோடி. அதற்குள் நிற்க வேண்டும். வெளியே ஒரு விரல் போனாலும் முதலிலிருந்து. பிறகு சுவரோடு நிறுத்தி, குதிக்காலும் முதுகும் தலையும் படவைத்து, ஒரு அடி முன்னே எடுத்து அப்படியே நில் என்றேன். ஆரணியின் வயிறு உள்ளே போனது. இது வீடியோவில் இல்லை. நானாகச் செய்தது. வேலை செய்கிறது. மொக்குகள் ஏன் எதற்கு என்று கேட்பதில்லை, அது ஒரு வசதி.

திடீரென்று ச.ரீ. கேட்டார். "சங்கவி, நீர் ஒருக்கால் வாசிச்சுக் காட்டுமன். பிள்ளையள் பாக்கட்டும்."

பார்க்க ஆசைப்பட்டது பிள்ளைகள் இல்லை. அவர்தான். பார்த்துப் படித்துக்கொண்டு நாளைக்குத் தன் பாடமாய் ஆக்க.

விரலில் காயம் என்றேன். எந்த விரல் என்று கேட்டார். பொய்க்கு உடனே ஒரு விரல் தேவைப்பட்டது. இடது கை நடுவிரல். தேங்காய் துருவும்போது என்றேன். ஐயோ பிள்ளை, கவனமாய் இரும் என்றார்.

பஸ் நிறுத்தத்தில் வைத்துப் பிளாஸ்டர் ஒட்டினேன். நாளைக்குக் காட்ட.

பாடத்தைக் கோடு போடும் அடிமட்டத்தால் காட்டுகிறேன். அடிமட்டம் வில். வயலின் வெறும் கை. எவ்வளவு நேர்த்தி. இல்லாத வயலின் ஒருநாளும் விழாது.

யூன் 20, வெள்ளி

தோளுக்கும் வயலினுக்கும் நடுவில் ஏதாவது வைக்க வேண்டும் என்பது லீனாவின் வீடியோவில் தெரிந்தது. அவளிடம் வளைந்த கறுப்புச் சாமான் ஒன்று இருந்தது. இங்கே அதற்கு எங்கே போவது? கோப்பை கழுவும் ஸ்பொஞ்சும் இரண்டு ரப்பர் வளையமும் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். புதிது என்று சொல்ல மறந்துவிட்டேன்.

மிதுஷாவின் வீட்டார் கழுவிக்கொண்டிருந்ததையே அனுப்பியிருந்தார்கள். மீன் மணம், நடுவில் ஒரு சோற்றுப் பருக்கை. வயலினின் அடியில் கட்டினோம். மனையியல் அறைப் பூனை வந்து அவள் காலடியில் இருந்து மேலே பார்த்தது. கேட்க ஒருவராவது இருக்கட்டும்.

ஆனால் ஸ்பொஞ்ச் வைத்த பிறகு ஆறில் நாலு வயலின் நின்றன. கையை எடுத்தாலும் நின்றன. நாடியும் தோளும் மட்டும். சின்னதுகள் ஒன்றையொன்று பார்த்துக் கெக்கட்டமிட்டன. தாங்கள் செய்ததாக நினைப்பு.

கபிஷாவுக்கு மட்டும் இன்னும் கால். என் சப்பாத்து மேலே இருக்கும்வரை சரி. எடுத்தால் கொக்கு. இன்றைக்கு அழவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் பின்னேரம். அம்மா தண்ணீர் வார்க்கத் தோட்டத்துக்கு. வயலினை எடுத்துக்கொண்டு வெங்காயக் கொட்டிலுக்குள் போனேன். கதவைச் சாத்தினேன். ஸ்பொஞ்ச் கட்டினேன் (புதிது). பாதம் தோள் அகலம். பாரம் சமன். முழங்கால் இளக்கம். நாடியை வைத்தேன். நான் மற்றவர்களுக்குச் சொன்ன எல்லாம் சொன்னபடி செய்தேன்.

ச மட்டும் சரி. ரி-க்கு விரலை இழுத்தேன். நாங்கள் இழுத்துத்தானே வாசிப்போம். வயலினும் விரலோடு சேர்ந்து வந்தது. பிடிக்கப் போய் வில் விழுந்தது. வயலினின் தலை தூணில் இடித்தது. ஒரு குமிழ் கழன்று தந்தி சுருண்டது. கட்டித் தொங்கவிட்ட வெங்காயப் பிடிகளுக்குக் கீழே குந்தினேன். குமிழைத் திரும்ப வைத்தேன். உடையவில்லை. சாமிக்கு நேர்த்தி ஒன்றும் வைக்கவில்லை. வைத்தால் எதற்கு என்று சொல்ல வேண்டும்.

கதவிடுக்கில் அண்ணை.

"என்னடி, சுளுக்கு உனக்கோ வயலினுக்கோ?"

போய்விடு என்றேன். போகவில்லை. நான் ஊரெல்லாம் நின்று வாசிக்கப் பழக்குவதாக அம்மா தையல்கடையில் சொல்லிக்கொண்டிருந்ததைத் தான் கேட்டதாகச் சொன்னான். தையல்கடைக்காரியின் மகளும் எங்கள் பாடசாலைதான். அண்ணை ஓ.எல். சோதனையை மூன்றாம் தரம் எழுதுகிறவன். அவன் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டான். இந்த ஆண்டின் அவமானம் அது.

யூன் 21, சனி

விசேட ஒத்திகை. உ.அ. வந்தார். புதுச் சேலை, பழைய முகம்.

சின்னதுகள் சோக்கட்டிப் பாதங்களில் நின்றன. முதுகு நேர். தோள் கீழே. கபிஷாவுக்குப் பக்கத்தில் நான் நின்றேன், என் வலது சப்பாத்து அவள் சப்பாத்தின் மேல். படம் பிடிக்க ஒட்டிக்கொண்டு நிற்பது போல மற்றவர்களுக்குத் தெரிந்திருக்கும். பாடசாலைக் கீதத்தின் முதல் இரண்டு வரி வாசித்தார்கள். சுருதி சேராது. அது என் வேலை இல்லை, ச.ரீ.யின் வேலை. நிற்பதுதான் என் வேலை. நின்றார்கள்.

உ.அ. வரிசைக்குப் பின்னால் நடந்து ஒவ்வொரு முதுகாய்ப் பார்த்தார். அணிவகுப்பில் அமைச்சர் நடப்பாரே, அந்த நடை.

"கொழும்பிலை கூட இப்பிடி நிக்கேல்லை," என்றார்.

ச.ரீ. தானே நிறுத்திப் பழக்கியதுபோலச் சிரித்தார்.

பிறகு என்னிடம் திரும்பினார் உ.அ. "வியாழக்கிழமை நீர் முன்னுக்கு நிண்டு முதல் வரியைத் தனிய வாசியும். பிறகு இவை சேரட்டும். கையிலை என்ன? அதுக்குள்ளை மாறீடும்தானே?"

"ஓம் ரீச்சர்."

ஓம். என் வாயில் இருக்கும் ஒரே சொல் அதுதான் போலிருக்கிறது.

மேடைக்கு முன்னால் தனியாக. ஒலிவாங்கி. அம்மா, தையல்கடைக்காரி, கனடாக்காரி. வயலின் தோளால் நழுவும். எல்லோரும் முதலில் நழுவுவதைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், பிறகு உ.அ. எழும்புவார். அடுத்த நாள் காலைப் பிரார்த்தனை.

சாப்பிடவில்லை. அம்மாவுக்குத் தலையிடி என்று சொன்னேன். அவ எனக்கு வெள்ளைச் சீருடையை அழுத்தித் தொங்கவிட்டிருந்தா. வியாழனுக்கு இன்னும் இவ்வளவு நாள் இருக்கிறது, இப்போதே. அலுமாரிக் கதவில் அது தலை இல்லாமல் நேராக நிற்கிறது. நல்ல நிலை. பாரம் சமன்.

யூன் 22, ஞாயிறு

காற்று அடங்கி வெக்கை. நோர்வேக்கு அழைத்தேன். மாமி பேசி, மாமா பேசி, அவர்கள் வீட்டுப் பூனையையும் காட்டிய பிறகுதான் லீனா வந்தாள்.

வயலின் நழுவுது, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். ரகசியமாய், கிணற்றடியில் நின்றபடி.

அவள் யோசித்தாள். நிறைய யோசித்தாள். பிறகு சொன்னாள். "நான் இப்ப வயலின் விட்டுட்டன்டி. ரெண்டு வருசம். ஃபுட்பால் விளையாடுறன்."

மார்கழியில் முற்றத்தில் வாசித்தாளே?

"அது மறந்து போச்சுதோ எண்டு பாத்தனான். அந்தப் பாட்டு மட்டும்தான் தெரியும்."

நான் ஊருக்கெல்லாம் போதித்த சாத்திரத்தின் மூலம் இதுதான். ஒரு பாட்டு மட்டும் ஞாபகம் உள்ள பந்துக்காரி. உ.அ. கொழும்பில் கண்டதை நம்புகிறார். ச.ரீ. என்னை நம்புகிறார். நான் லீனாவை நம்பினேன். லீனா ஒன்றையும் நம்பவில்லை, அதனால்தான் சந்தோசமாக இருக்கிறாள்.

வைக்கும்போது சொன்னாள், கீழே பார்க்காதே, பந்து உதைக்கும்போதும் அப்படித்தான் என்று. பந்து. நான் கேட்டேனா?

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒருதரம் நினைத்தேன். ச.ரீ.யிடம் மட்டும். அவருக்கும் தெரியாதுதானே. ஆனால் தெரியாத ஒருவர் தெரியாத இன்னொருவரை மன்னித்து நான் பார்த்ததில்லை. முந்திக்கொண்டு உ.அ.விடம் ஓடுவார்.

யூன் 24, செவ்வாய்

நேற்று எழுதவில்லை. வயிற்று வலி. உண்மையானது. இந்தக் கிழமையின் முதல் உண்மை.

இன்று பாடசாலை விட்டு மனையியல் அறைக்குப் போனால் கபிஷா மட்டும். மற்றவர்களுக்கு மேடைக்குப் பூ ஒட்டும் வேலை. தன் சோக்கட்டிப் பாதத்துக்குள் நின்றுகொண்டிருந்தாள். வயலினை எடுத்து வைத்து, வில்லை வைத்து, என்னைப் பார்த்தாள். கால் எழும்பவில்லை. நான் கிட்டேயும் போகவில்லை.

எப்படி வந்தது என்று கேட்டேன். வீட்டில் தம்பியைக் காலில் ஏறி இருக்கச் சொல்லிப் பழகினாளாம். மூன்று வயசாம். கொழுத்த தம்பியாம்.

நல்லது என்று சொல்லப் போனேன். அதற்குள் அவள் சொன்னாள்.

"அக்கா, உங்களுக்கு நிண்டு வாசிக்கத் தெரியாதெல்லோ?"

ஆர் சொன்னது என்றேன்.

"நீங்கள் அடிமட்டத்தாலை காட்டேக்கை உங்கடை காலும் எழும்புது."

நான் கீழே பார்த்தேன். அந்த நேரம் கையில் அடிமட்டம்கூட இல்லை. இருந்தாலும் பார்த்தேன்.

"முதல் நாளே கண்டனான். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை." மூக்கை உறிஞ்சினாள். "என்னைக் கொக்கு எண்டு கூப்பிடாதேங்கோ. அப்ப சொல்லமாட்டன்."

அவ்வளவு நிதானமாய். கண் கலங்கவில்லை, குரல் உயரவில்லை. சந்தையில் மீன் விலை பேசுகிற குரல். ஒரு கிழமையாய் இதை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள், என் சப்பாத்துக்குக் கீழே. நான் மொக்கு என்று எழுதியதை வெட்ட வேண்டும். வெட்டமாட்டேன். பிசாசு என்று சேர்த்துக்கொள்கிறேன்.

சரி என்றேன்.

"வயலினை எடுங்கோ அக்கா."

எடுத்தேன். ஏன் எடுத்தேன்? அவளிடம் மறைக்க இனி ஒன்றும் இல்லை. உலகத்தில் அப்படி ஒரே ஒருத்தி, மூக்குச்சளியோடு.

என்னைத் தன் சோக்கட்டிப் பாதத்துக்குள் நிறுத்தினாள். எனக்குச் சின்னது. பக்கத்தில் வேறு கீறினாள், கோணலாக. தோள் காதுக்குப் போகுது என்றாள். தலையைக் குடுக்காதேங்கோ, வயலின் வரட்டும் என்றாள். என் வாயிலிருந்து போன சொல் ஒவ்வொன்றும், என் குரலின் வெறுப்போடு கூட, திரும்பி வந்தது. நான் இப்படியா பேசினேன்?

வில்லை வைத்தேன். ரி. விரல் இழுத்தது. வயலின் நழுவத் தொடங்கியது. அந்த நேரம் உணர்ந்தேன், என் வலது குதிக்கால். எழும்பி, உள்ளே திரும்பி, தேடிக்கொண்டு. அதோடு இடுப்பும் சரிந்து, தோளும் சரிந்து. வயலினைத் தாங்கப் போன காலே வயலினை விழுத்தியிருக்கிறது.

கபிஷா வந்து தன் சப்பாத்தை என் சப்பாத்தின் மேல் வைத்தாள். வைக்கவில்லை. மிதித்தாள். முழுப் பாரத்தோடு. ஒரு கிழமைக் கணக்கு அதில் இருந்தது.

நொந்தது. நின்றது.

விரலை இழுக்காமல் ஒவ்வொரு சுவரமாய்க் குத்திக் குத்தி வாசித்தேன், கோழி கொத்துகிற மாதிரி. பாடசாலைக் கீதத்துக்கு அது போதும். வரி முடிந்தது. வயலின் தோளிலேயே இருந்தது.

"அழாதேங்கோ," என்றாள். நான் அழவில்லை. தூசி.

யூன் 26, வியாழன்

பரிசளிப்பு விழா. காற்று திரும்பவும். வரவேற்புப் பதாகை ஒரு பக்கம் கழன்று பிரதம விருந்தினரின் பெயரில் பாதியை மறைத்தது. மங்கள விளக்கைக் கொளுத்தக் கொளுத்த அணைந்தது. உ.அ. காற்றை முறைத்தார். காற்று பயப்படவில்லை. இந்தப் பாடசாலையில் பயப்படாத ஒன்றே ஒன்று.

கனடாக்காரி மெல்லியவர், வெள்ளைத் தலைமயிர். பேச்சுகள் முடியும்வரை போனைப் பார்த்தார்.

எங்கள் முறை. திரைக்குப் பின்னால் நின்றோம். பிளாஸ்டரை இழுத்து எறிந்தேன். விரல் வெளிறிச் சுருங்கியிருந்தது, ஒரு காயமும் இல்லாமல். ச.ரீ. என் விரலைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார், அங்கே காற்றாடி இல்லாவிட்டாலும். அவருக்கும் தெரியும். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. என் பின்னலை எடுத்துப் பின்னால் விட்டார். வயலினில் படாமல் இருக்க.

நான் முன்னுக்கு. சின்னதுகள் பின்னால் வரிசை. உ.அ. ஒழுங்குபடுத்தியது அப்படி. தனியே நின்றால் என் காலுக்கு யார்?

திரை விலகியது. அம்மா மூன்றாம் வரிசையில், அண்ணையும். அண்ணை என் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தான். அது அவனுடைய நல்ல குணம் என்று இப்போது தோன்றுகிறது.

வயலினை வைத்தேன். வில்லை வைத்தேன். குதிக்கால் அசைவது தெரிந்தது. இறக்கு என்றேன். இறங்கவில்லை. அது என் கால் இல்லை, எட்டு வருடம் பாயில் இருந்த கால். இடுப்பு சரியத் தொடங்கியது. முன்வரிசையில் உ.அ.வின் முகம் மாறத் தொடங்கியது.

வரிசையிலிருந்து ஒரு சத்தம். சப்பாத்துச் சத்தம். கபிஷா நடந்து வந்தாள், ஒழுங்குபடுத்தியது அப்படித்தான் என்பதுபோல, வயலினும் தோளுமாய், முதுகு நேராய். என் பக்கத்தில் நின்றாள். சபையைப் பார்த்தபடியே என் காலை மிதித்தாள்.

வாசித்தேன். கொத்திக் கொத்தி, நிமிர்ந்து. வரி முடிந்ததும் மற்றவர்கள் சேர்ந்தார்கள். சுருதி சேரவில்லை. ஒருவரும் விழவில்லை.

கைதட்டல். உ.அ. எழும்பினார். கை தட்டத்தான் எழும்பினார். இரண்டு பேர் முன்னுக்கு நிற்பதுதான் கொழும்பு முறை என்று பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கிக்கொண்டிருந்தாராம். அம்மா கேட்டாவாம்.

தேநீர் நேரம் கனடாக்காரி எங்களிடம் வந்தார். மிதுஷாவின் கன்னத்தைத் தட்டினார்.

"வடிவாய் நிண்டீங்கள். ஆனா நாங்கள் பாயிலை இருந்துதான் வாசிக்கிறனாங்கள். அதை ஒருக்கால் பாக்கலாம் எண்டு நினைச்சு வந்தனான்."

உ.அ. சிரித்தபடியே அங்கேயே நின்றார். பாரம் சமன் இல்லை. ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு.

கபிஷா கேக்குத் துண்டோடு வந்தாள். நான் அவளிடம் நன்றி சொல்லவில்லை, அவள் எதிர்பார்க்கவும் இல்லை. "கபிஷா," என்று மட்டும் கூப்பிட்டேன், சும்மா. என்னக்கா என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

வலது கால் பெருவிரலில் நகம் கறுத்திருக்கிறது. வெள்ளைச் சப்பாத்தின் மேல் சின்னச் சப்பாத்தின் அடிப் பூ அப்படியே பதிந்திருக்கிறது. காலையில் அம்மா கேட்பா. யாரோ மிதித்துப்போட்டார்கள் என்று சொல்லலாம். அது பொய் இல்லை.